குடிப்பது தண்ணீரா? தீர்த்தமா?

நம் நாட்டுக் கிராமங்களுக்கு இன்று குழாய் வந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டி வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புக் கொடுப்பதென்று 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி இந்திய சர்க்கார் ஒரு திட்டத்தையும் அறிவித்து, அதற்காக ஏராளமான பணமும் செலவழித்து வந்திருக்கின்றது. ஆனால், தண்ணீர் வந்த வேகத்தில் தண்ணீரைப் பற்றிய அறிவும் வந்திருக்கின்றதா என்று பார்த்தால், மிகவும் வருந்தத்தக்க நிலைமையே காணப்படுகின்றது. சுத்தப்படுத்திய நீர் வாசலில் வந்து கொட்டும்போது, அதை “மருந்துத் தண்ணி” என்று மாட்டுத் தாழியில் ஊற்றிவிட்டு, மாடும் மனிதனும் இறங்கிக் கலக்கிய குளத்து நீரைக் குடத்தில் மொண்டு வந்து குடிக்கும் ஜனங்களை, நாம் பிரசாரத்துக்குச் செல்லும் பல ஊர்களில் இன்னும் பார்க்கின்றோம்.

இது வெளிக்கு வெறும் நாக்கு ருசி சம்பந்தமான விஷயமாகத் தோன்றினாலும், உண்மையில் உயிர் சம்பந்தமான விஷயமாகும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மாத்திரம் உலகத்தில் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கினால் சாகின்றார்கள். இவற்றில் பெரும்பாலானவை நல்ல தண்ணீராலும், கை கால் சுத்தத்தாலும், சரியான கக்கூசினாலும் தடுக்கப்படக் கூடிய சாவுகள். ஆனால் நம்மவர்களோ பிள்ளை செத்தால் “தலைவிதி” என்கின்றார்கள். ஊரில் நாலு பேருக்கு வாந்திபேதி கண்டால் “ஆத்தா கோபம்” என்று கூழ் ஊற்றுகின்றார்கள். மஞ்சள் காமாலை வந்தால் மந்திரிக்கப் போகின்றார்கள். குடித்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று மாத்திரம் ஒருவராவது கேட்பதில்லை.

சீமை மருந்தா? விஷமா?

ஊராட்சித் தொட்டியில் போடப்படும் குளோரின் பொடி, அதாவது பிளீச்சிங் பவுடர், என்பது என்ன? அதைப் பற்றிக் கிராமத்தில் நடக்கும் பேச்சுகளைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. “வாடை அடிக்கிறது” என்பார் ஒருவர். “உடம்பு சூடாகிறது” என்பார் மற்றொருவர். “அதைக் குடித்தால் பிள்ளை பிறக்காதாம்” என்று காதோடு காதாகச் சொல்லுவார் மூன்றாமவர். இந்தக் கூச்சலுக்குப் பயந்து, தொட்டி திறந்துவிடும் ஆப்பரேட்டர் என்ன செய்கின்றார்? அவருக்குக் கிடைக்கும் சம்பளமே அற்பம். ஊராரிடம் ஏச்சும் வாங்குவானேன் என்று பொடி போடுவதையே நிறுத்திவிடுகின்றார். நோட்டில் மாத்திரம் “பொடி போடப்பட்டது” என்று தினந்தோறும் எழுதப்படுகின்றது. மூட்டையோ ஊராட்சி ஆபீசு மூலையில் வாய் திறந்தபடி கிடந்து, காற்றுப்பட்டு வீரியமெல்லாம் போய்க் கட்டி தட்டிக் கிடக்கின்றது. இப்படியாக, ஜனங்களுடைய அறியாமையும் அதிகாரிகளுடைய அலட்சியமும் கைகோத்துக்கொண்டு குழந்தைகளுடைய வயிற்றில் போய் நிற்கின்றன.

விஷயம் மிகச் சுலபமானது. சாதாரணமாக 1,000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2½ கிராம் நல்ல பொடி போதும் என்பது சுகாதார நூல்கள் சொல்லும் அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம்தான் ஆகின்றது. அதாவது ஒருவர் இரண்டு கையாலும் அள்ளக்கூடிய அளவுகூட இல்லை. முதலில் ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்துத் திறந்துவிட்டால், வாந்திபேதி, விஷக்காய்ச்சல் முதலியவற்றின் கிருமிகள் செத்துப்போகும். கிருமிகளைக் கொன்றது போக லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாய் முனையில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஏன் மிஞ்ச வேண்டும்? தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் குழாய் எங்காவது உடைந்து சாக்கடை கசிந்தாலும், அதைச் சமாளிப்பதற்காகத்தான். ஆகவே, தோழர்களே! நீங்கள் முகம் சுளிக்கின்றீர்களே, அந்த இலேசான வாடைதான், இரவுக் காவல்காரன் தூங்கவில்லை என்பதற்குத் தடியைத் தட்டும் சத்தம். தடிச்சத்தம் தூக்கத்தைக் கெடுக்கின்றது என்று காவல்காரனை வேலையிலிருந்து நீக்குகின்றவன், பிறகு திருடன் வந்தான் என்று யாரிடம் போய் முறையிடுவது?

பொடி எல்லா நோய்க்கும் சர்வ வல்லமை பொருந்திய சாமி என்று நாம் சொல்ல வரவில்லை. 1955-56-ல் டில்லி மாநகரத்தில், சாக்கடை நீர் யமுனையில் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கே வந்து கலந்துவிட்டபோது, குளோரினை அதிகப்படுத்தியும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அசுத்தத்தை முதலில் தடுத்துப் பிறகு மருந்து போட வேண்டும் என்பது அதிலிருந்து படிக்க வேண்டிய பாடமே ஒழிய, மருந்தே வேண்டாம் என்பதல்ல.

“ருசியாக, தெளிவாக இருக்கின்றதே!”

எங்கள் குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கின்றது, தேங்காய்த் தண்ணீர் மாதிரி இனிக்கின்றது, அதில் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கின்றார்கள். 1854-ம் வருஷம் லண்டன் நகரத்தில் பிராட் தெரு என்னும் இடத்தில் ஒரு அடிபம்பு இருந்தது. அந்தத் தண்ணீர் ருசியானது என்று சுற்றுவட்டாரத்தில் அதற்கு நல்ல பேர். அந்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்த வட்டாரத்தில் காலரா கிளம்பி, சில வாரங்களில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ என்பவர் செத்தவர்கள் எந்தெந்த வீட்டில் செத்தார்கள், எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தார். அந்தத் தெருவிலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் பம்புத் தண்ணீரைத் தொடாமல் தங்கள் மதுவையே குடித்து வந்ததால் தப்பித்தார்கள். பல மைல் தூரத்தில் காலராவே இல்லாத இடத்தில் குடியிருந்த ஒரு விதவை அம்மாளோ செத்துப்போனார். விசாரித்ததில், அந்த அம்மாளுக்குப் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினந்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்து வந்தது தெரிந்தது! செப்டம்பர் 8-ந் தேதி அந்தப் பம்பின் பிடி கழற்றப்பட்டது. பிறகு பார்த்ததில், கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது.

ஆகவே, நாக்கு ஒரு சோதனைச் சாலையல்ல. கண்ணும் அல்ல. காலராக் கிருமிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ருசியும் இல்லை. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 1884-ல் கல்கத்தாவுக்கே வந்து, ஜனங்கள் குளித்து, துணி துவைத்து, அதையே குடித்தும் வந்த ஒரு குளத்துத் தண்ணீரில் அக்கிருமியைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். அது நடந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், “தெளிவாக இருக்கின்றதே” என்றால் நம் அறிவை என்னவென்று சொல்லுவது?

“முன்னோர்கள் குடிக்கவில்லையா?”

குடித்தார்கள். குடித்துப் பிழைத்தவர்கள் நமக்கு முன்னோர்கள் ஆனார்கள். குடித்துச் செத்த குழந்தைகள் யாருக்கும் முன்னோர்கள் ஆகவில்லை. அவர்கள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை என்கின்ற தைரியத்தில்தான் இந்த வாதம் பேசப்படுகின்றது. பத்துப் பெற்று நாலைப் பறிகொடுத்த பாட்டிமார்கள் இல்லாத குடும்பம் எது?

இன்னொன்றும் கேட்கின்றோம். நம் முன்னோர்கள் தண்ணீரை அப்படியே எடுத்துக் குடித்தார்களா? கலங்கல் தண்ணீரை மண்பானையில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உட்புறம் தேய்த்து, கசடு அடியில் இறங்கிய பிறகு மேலாக வடித்துக் குடித்தார்களே, அது என்ன? அக்காலத்துக்கு எட்டிய தண்ணீர்ச் சுத்திகரிப்பு முறைதானே? இன்று பெரிய நகரங்களில் படிகாரம் போட்டுக் கசடு இறக்குவதும் அதே தத்துவந்தான். ஆனால் கசடு இறங்கினால் கிருமி முழுதும் இறங்கிவிட்டதாகாது. அது அவர்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அவர்களிடம் பூதக்கண்ணாடி இல்லை. நமக்குத் தெரியும். தங்கள் காலத்தில் தெரிந்த அவ்வளவையும் உபயோகித்தவர்களுடைய பேரைச் சொல்லிக்கொண்டு, நம் காலத்தில் தெரிந்ததை உபயோகிக்க மாட்டோம் என்பது முன்னோர்க்கு மரியாதையா, அவமரியாதையா?

செம்புப் பாத்திரத்தில் இரவெல்லாம் வைத்தால் கிருமி சாகும் என்று சிலர் சொல்லுகின்றார்கள். சில கிருமிகள் சாகின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்துச் சொல்லியிருக்கின்றார்கள், நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஏன் ஒப்புக்கொள்ளுகின்றோம்? சாஸ்திரத்தில் இருப்பதாலல்ல, சோதனையில் தெரிந்ததால். அதே சோதனைதான் குளோரினையும் சொல்லுகின்றது. செம்புக்கு ஒத்துக்கொண்ட சோதனையைப் பொடிக்கு மாத்திரம் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

பச்சைக் கற்பூரமும் பொடி வாடையும்

குழாய்த் தண்ணீரை மூன்று முறை மோந்து பார்க்கும் நம்மவர், கோயிலுக்குப் போனால் என்ன செய்கின்றார்? இருட்டறையில் எந்தச் செம்பில், எந்தக் கிணற்று நீர், எத்தனை நாளாக இருக்கின்றதோ ஒன்றும் கேட்காமல், எல்லார் கையும் பட்ட உத்தரணியால் விட்டதைக் கையேந்தி வாங்கி, உறிஞ்சிவிட்டு, மீதியைத் தலையிலும் தடவிக்கொள்ளுகின்றார். அதில் பச்சைக் கற்பூர வாசனை அடித்தால் பக்தி. தொட்டித் தண்ணீரில் பொடி வாடை அடித்தால் விஷம்! திருக்குளத்துப் பாசி நீர் பாவத்தைப் போக்கும். ஆழ்குழாய் நீர் உடம்புக்கு ஆகாது! தீர்த்தம் என்று பேர் வைத்துவிட்டால் தண்ணீருக்கு நோய் உண்டாக்கும் சக்தி போய்விடுமா? 1867-லும் 1891-லும் அரித்துவாரக் கும்பமேளாக்களில் கங்கையில் முழுகியவர்கள், புண்ணியத்தோடு காலராவையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தார்கள் என்பது சரித்திரம்.

உடனே சில படித்த பக்தர்கள், “கங்கை நீர் காலராக் கிருமியைக் கொல்லுகின்றது என்று ஹான்கின் என்னும் வெள்ளைக்கார விஞ்ஞானியே 1896-ல் எழுதியிருக்கின்றாரே!” என்று கிளம்புவார்கள். எழுதியிருக்கின்றார், வாஸ்தவம். கங்கையில் மாத்திரமல்ல, யமுனையிலும் அப்படிக் கண்டதாக எழுதியிருக்கின்றார். காய்ச்சினால் அந்தச் சக்தி போய்விடுகின்றது என்றும் அவரே எழுதியிருக்கின்றார். கிருமியைத் தின்னும் அதைவிடச் சிறிய ஒரு உயிர்ப்பொருள் நீரில் உண்டு என்று பிற்கால ஆராய்ச்சி அதற்கு விளக்கம் கண்டது. சாக்கடை நீரிலும் அது ஏராளமாக உண்டு. அதற்காகச் சாக்கடையைத் தீர்த்தம் என்று யாராவது குடிக்கப் போகின்றார்களா?

வைதிகம் தண்ணீர்க் குழாய்க்கு எப்போதும் இப்படித்தான் குறுக்கே நின்றிருக்கின்றது. 1870-ல் கல்கத்தாவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, மிலேச்சன் கைபட்டதும் தோல் பட்டதுமான நீரை எப்படிக் குடிப்பது என்று ஆசாரக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தாகம் எடுத்ததும் சாஸ்திரத்தில் வழி கிடைத்தது! 1891 ஏப்ரலில் காசியில் தண்ணீர் நிலையம் கட்டும்போது, பக்கத்திலிருந்த ராமர் கோயிலுக்கு ஆபத்து என்று கிளம்பிப் பெருங்கலகமே நடந்தது. ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுக்கும் இயந்திரம் வேண்டுமா, கோயில் சுவர் வேண்டுமா என்றால் கோயில் சுவர்தான் என்று கல்லெடுத்து அடித்த அந்த ஊரில், இன்று எந்த ஆசாரக்காரர் குழாயில்லாமல் குடியிருக்கின்றார் என்று கேட்கின்றோம்.

படித்த தேசத்தார் மாத்திரம் பிறவியிலேயே புத்திசாலிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஜெர்சி நகரத்துத் தண்ணீருக்கு 1908-ல் குளோரின் போட ஆரம்பித்தபோது, அங்கேயும் ஆட்சேபணை கிளம்பி நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் அங்கே வாதித்தவர்கள் கிருமிக் கணக்கைக் காட்டி வாதித்தார்கள். தீர்ப்பும் குளோரினுக்கு அனுகூலமாயிற்று. நம் ஊரில் பூசாரிக்குச் சாமி வந்து தீர்ப்புச் சொல்லுகின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜாதிக் கிருமி

நிற்க, எந்தப் பூதக்கண்ணாடியிலும் தெரியாத ஒரு கிருமி நம் தண்ணீரில் இருக்கின்றது. அதுதான் ஜாதி. தண்ணீரில் மலம் கலந்திருக்கின்றதா என்று கேட்காதவன், எந்த ஜாதியான் குடம் பட்டது என்று மாத்திரம் கேட்கின்றான். 1927-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி, பம்பாய் மாகாணத்து மகாடு என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தோழர்களுடன் சென்று, சட்டப்படி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். உடனே உயர்ஜாதிக்காரர்கள் அவருடைய தோழர்களை அடித்தார்கள். பிறகு குளத்தைச் “சுத்தி” செய்தார்கள். எப்படி? மாட்டுச் சாணமும், மூத்திரமும், பாலும், தயிரும் 108 குடம் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் கொட்டினார்கள்! மனிதன் கைபட்டால் தீட்டு. மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தம்! அந்தக் குளத்தில் இறங்கி நீர் குடிக்கும் உரிமைக்காக 1937 மார்ச்சு மாதத்தில் பம்பாய் ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும் வரை வழக்கு நடத்த வேண்டியிருந்தது. சுத்தம் என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் இருந்த அர்த்தம் இதுதான். இந்த அர்த்தம் மனதில் இருக்கும் வரையில், சுகாதார அதிகாரி வந்து “சுத்தமான தண்ணீர் குடியுங்கள்” என்று சொன்னால், கேட்பவன் காதில் அது என்னவாக விழும்?

இவை எல்லாம் பழங்கதை என்று யாரும் சொல்ல முடியாது. 2022-ம் வருஷம் டிசம்பர் மாதம், நம் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டதை நாடே அறியும். குழந்தைகளுக்கு நோய் கண்ட பிறகுதான் தொட்டி ஏறிப் பார்க்கப்பட்டது. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்துக்குப் போன விஷயமாகையால் அதில் நாம் இங்கு தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் விசாரிக்கப் போன அதிகாரிகள் கண்முன்பே, அந்த வட்டாரத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது வெளிப்பட்டதே, அது யாருக்குப் பெருமை? நாம் கேட்பது இதுதான்: ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி என்று எந்த இன்ஜினீயரிங் புத்தகத்தில் எழுதியிருக்கின்றது? பூமிக்கடியில் ஒரே ஊற்றில் ஒன்றாக இருந்த நீர், மேலே ஏறியவுடன் இரண்டு ஜாதி ஆவானேன்? விஞ்ஞானம் கொடுத்த தொட்டியையும் குழாயையும் வாங்கிக்கொண்டு, அதற்குள் மனுதர்மத்தைக் கரைத்துவிடும் சாமர்த்தியம் நம் நாட்டைத் தவிர வேறெங்கும் காண முடியாது.

குற்றம் ஜனங்களுடையது மாத்திரமா?

இவ்வளவு சொன்னதற்காக, குற்றம் முழுவதையும் பாமர மக்கள் தலையில் போட்டுவிட்டுப் போகும் யோக்கியப் பொறுப்பற்ற தன்மை நமக்கு இல்லை. “ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோறு மஞ்சளடிக்கிறது” என்று ஒரு தாய் சொன்னால் அது மூடநம்பிக்கை அல்ல. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது என்பது அடுப்படியில் அவள் தினமும் செய்யும் சோதனை. அதைக் கேட்டுச் சிரிக்கும் அதிகாரிதான் மூடர். அதுபோலவே, பத்து நாள் பொடியே போடாமலிருந்து, மேலதிகாரி வருகின்றார் என்றதும் பதினோராம் நாள் கண்டபடி கொட்டித் தொண்டை எரியச் செய்தால், ஜனங்கள் வெறுக்காமல் என்ன செய்வார்கள்?

அதிகாரி சொன்னார் என்பதற்காக நம்புவதும் ஒரு பக்திதான். வங்காள தேசத்தில் 1970-களில், குளத்து நீரை விட்டுவிட்டுக் குழாய்க் கிணற்று நீரைக் குடியுங்கள் என்று சர்க்காரும் சர்வதேச ஸ்தாபனங்களும் லட்சக்கணக்கான குழாய்கள் போட்டுக் கொடுத்தன. வயிற்று நோய்க்கு அது நல்லதுதான். ஆனால் பூமிக்கடி நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருக்கின்றதா என்று சோதிக்கவில்லை. 1993-ல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, கோடிக்கணக்கான ஜனங்கள் அதைக் குடித்து வந்திருந்தார்கள். பிறகு சோதித்து, கெட்ட குழாய்க்குச் சிவப்பும் நல்ல குழாய்க்குப் பச்சையும் வர்ணம் அடித்தார்கள். நம் பழைய சென்னை மாகாணத்திலேயே, நெல்லூர்ச் சீமையில் எலும்பு வளைந்து முடமாகும் நோய்க்குக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று 1937-ல் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதே ஃபுளோரைடு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குழந்தைகளின் பல்லைக் காவி ஏற்றிக்கொண்டிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது 2013-ல்தான். ஃபுளோரைடைக் காய்ச்சிப் போக்க முடியாது. காய்ச்சினால் இன்னும் செறிவாகும். ஆகவே, எந்தத் தண்ணீரானாலும், யார் கொடுத்ததானாலும், சோதனைச் சீட்டைக் காட்டு என்று கேட்பதுதான் பகுத்தறிவாகும்.

பிரசாரம் செய்கின்ற நம் தோழர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தென் அமெரிக்காவில் பெரு தேசத்தில் லாஸ் மோலினோஸ் என்று ஒரு சிற்றூர், 200 குடும்பங்கள். 1950-களின் ஆரம்பத்தில் சுகாதார ஊழியப் பெண் ஒருவர் இரண்டு வருஷம் வீடு வீடாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி சொன்னார். புதிதாக இணங்கிய குடும்பங்கள் 11 தான். காரணம் என்ன? அவ்வூராரும் நம்மவர்களைப் போலவே பண்டங்களையெல்லாம் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து வைத்திருந்தார்கள். காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது. நல்ல உடம்புக்காரன் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஊழியரோ, கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கின்றது, நம்புங்கள் என்று சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்பு என்று பூசாரி சொல்லுவதற்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்பு என்று நாம் சொல்லுவதற்கும், கேட்பவனுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? காட்டினால்தான் வித்தியாசம் தெரியும். கிருமியைக் காட்ட முடியும். கடவுளைக் காட்ட முடியாது. ஆதலால், சொல்லுவதைக் குறைத்துக் காட்டுவதை அதிகப்படுத்த வேண்டும்.

கேன் சாமி

இதற்கிடையில் புதிதாக ஒரு தீர்த்தம் புறப்பட்டிருக்கின்றது. அதுதான் கேன் தண்ணீர். ஊராட்சித் தண்ணீர் இலவசமாக வருவதால் அதற்கு மதிப்பில்லை. காசு கொடுத்து வாங்கும் கேனுக்கு நீலநிறச் சட்டையும் சீட்டும் இருப்பதால் அது சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. எங்கே நிரப்பினார்கள், என்றைக்கு நிரப்பினார்கள், கேனின் உட்புறத்தை எதனால் கழுவினார்கள் என்று கேட்பதில்லை. நல்லபடியாகச் செய்கின்றவர்களும் இருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சோதனை இல்லாமல் சீட்டைப் பார்த்து நம்புவது, விபூதிப் பொட்டலத்தைப் பார்த்து நம்புவதற்கு எந்த வகையில் மேல்? கூலிக்காரன் ஒரு நாள் கூலியில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ஊராட்சியை மாத்திரம் ஒரு கேள்வியும் கேட்காமலிருப்பது யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதர் மாறுவார்கள்

சிலர், “இந்த ஜனங்கள் திருந்தமாட்டார்கள்” என்று கையை விரிப்பார்கள். அது பொய். நரம்புச் சிலந்தி என்ற நோயைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். காலில் கொப்புளம் கண்டு, உடைந்து, முழ நீளத்துக்கு மேற்பட்ட புழு நாள் கணக்காக வெளிவரும். “நாக தோஷம்”, “பூர்வ ஜன்ம பாவம்” என்று சொல்லக் கூடிய தோற்றமுள்ள நோய்தான். அதற்குத் தடுப்பு ஊசி இல்லை. கொல்லும் மருந்தும் இல்லை. நோயாளி படிக்கிணற்றில் இறங்குவதால் புழுவின் குஞ்சுகள் நீரில் விழுகின்றன. அவற்றைத் தின்ற நுண்ணிய நீர்ப்பூச்சியோடு நீரைக் குடிப்பவனுக்கு நோய் வருகின்றது என்ற ஒரு உண்மைதான் கையிலிருந்த ஆயுதம். படிக்கிணற்றில் இறங்காதே, துணியால் வடிகட்டிக் குடி, அடிபம்பு நீரைக் குடி என்று காட்டிக் காட்டிச் சொன்னார்கள். 1984-ல் இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு இருந்த அந்த நோய், 1996-ல் கடைசி நோயாளியோடு ஒழிந்தது. 2000-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவில் அது இல்லை என்று சான்று கொடுத்தது. எந்த யாகம் இதைச் செய்தது? ஒரு முழம் துணியும், ஒரு துளி அறிவும் செய்தன. அந்தத் துணியைப் பிடித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துத் தாய்மார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். தொட்டி மாதம் இரண்டு முறை கழுவப்பட வேண்டும். கழுவிய தேதி தொட்டியின்மேல் எழுதப்பட வேண்டும். எழுதியிருக்கின்றதா என்று போய்ப் பாருங்கள். எழுதியிருந்தால் உண்மையா என்று கேளுங்கள். மூடியும் பூட்டும் இருக்கின்றதா என்று பாருங்கள். குழாய் முனையில் குளோரின் மிஞ்சுகின்றதா என்று, சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெட்டியை ஊராட்சியில் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் சோதியுங்கள். கிராம சபையில் பேசுகின்றவர்கள் ஆண்களாக இருக்கின்றார்கள். தண்ணீர் சுமக்கின்றவர்கள் பெண்களாக இருக்கின்றார்கள். சுமக்கின்றவர்களைப் பேசச் செய்யுங்கள். ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி என்று தீர்மானம் போடச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. மலக்கிருமி கலந்த நீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால் கறுத்துப்போகும் சிறு புட்டி ஒன்று உண்டு. அதற்கான முறையை நம் இந்திய விஞ்ஞானிகளே 1982-ல் வெளியிட்டிருக்கின்றார்கள். ஊர்ச் சாவடியில் ஒரு மேஜை போட்டு அதில் நாலு புட்டி வையுங்கள். ஒன்றில் குளத்து நீர், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் கேன் நீர், ஒன்றில் கோயில் தீர்த்தம். ஊராரையும், ஊராட்சித் தலைவரையும், குருக்களையும் கூட்டுங்கள். எது கறுக்கின்றதோ அதைக் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான். குழாய் நீர் கறுத்தால், குளோரினுக்கு வக்காலத்து வாங்கிய நாமே உங்களோடு வந்து ஊராட்சி வாசலில் நின்று கேட்கத் தயாராயிருக்கின்றோம். தீர்த்தம் கறுத்தால், குருக்களும் அதேபோல நின்று பதில் சொல்லத் தயாரா என்று பகிரங்கமாகக் கேட்கின்றோம்.